சாயங்காலம் ஆறு மணி

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன கிராமம். சாமைக் கொல்லைக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு சர்ச். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து டோலக் பழகிக்கொண்டிருந்தார். தாளம் அவ்வப்போது தப்பியது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். இருபது வருஷம் குடித்தவராம். கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதித்ததெல்லாம் குடியிலேயே கரைந்திருக்கிறது. இப்போது நாலு வருஷமாகத் தொடுவதில்லை.

''விடறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சாண்ணே?''

''விட்டது பத்து தடவை இருக்கும் சார். ஆறு மணி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு தெரியாது. அதான் கஷ்டம். இப்ப ஆறு மணிக்கு இங்க வந்துடறேன்.''

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பில் இன்றைக்கும் மறக்காத ஒரே விஷயம். குடிக்கிறவன் கணக்கில் நாம் பற்றை மட்டும் பார்க்கிறோம். பணம், ஈரல், மனைவியின் கண்ணீர். வரவுப் பக்கமும் ஒன்று உண்டு. உடம்பு வலி மறக்கிறது. நாலு பேர் கூட உட்காருகிறார்கள். நாளைய பயத்திலிருந்து இரண்டு மணி நேரம் லீவு. பாட்டிலைப் பிடுங்கும்போது இதையும் சேர்த்துத்தான் பிடுங்குகிறோம். பதிலுக்கு என்ன தருகிறோம்? அட்வைஸ்!

இயேசு சொன்ன ஒரு குட்டிக் கதை மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கிறது. ஒருவனை விட்டுப் போன பேய், தங்க இடமில்லாமல் திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி, அலங்கரித்து, காலியாகக் கிடக்கிறது. உடனே போய், தன்னைவிட மோசமான ஏழு பேய்களைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிடுகிறது. பேயை நம்பாதவர்களும் இந்தக் கதையை நம்பலாம். வீட்டைச் சுத்தம் செய்தது தப்பில்லை. ஆள் குடி வைக்காததுதான் தப்பு. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்த நாளிலிருந்து, வீட்டைக் காலி செய்வது பற்றித்தான் நாமும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

காலி வீட்டில் யாரைக் குடி வைப்பது என்று யோசித்தவர்களில் ஒருவர் பில் வில்சன். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை விட்டு ஐந்து மாதம். போன வியாபாரம் படுத்துவிட்டது. ஓட்டல் லாபியில் ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், அருகே ஊரிலுள்ள சர்ச்சுகளின் பட்டியல். அவர் டெலிபோன் பக்கம் போனார். ஒரு பாதிரியாரைப் பிடித்து, 'நான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும்' என்றார். அப்படிக் கிடைத்த டாக்டர் பாப் ஸ்மித்தும் அவரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'.

அதன் வேர் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருக்கிறது. தப்பை ஒப்புக்கொள், கெடுதல் செய்தவர்களிடம் போய்ச் சரி செய், உன்னைப்போல விழுந்தவனுக்குக் கை கொடு. ஆனால், கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று கதவையும் அகலமாகத் திறந்து வைத்தார்கள். 2020-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற மனோசிகிச்சைகளைவிட இந்த வழிக்குக் கூடுதல் பலன் இருப்பதாகச் சொன்னது.

சரி, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டால் அதுவும் போதைதானே? டோலக்காரரிடமே கேட்டுவிட்டேன்.

சிரித்தார். ''இருந்துட்டுப் போவட்டும் சார். இந்தப் போதையில கூலி வீட்டுக்கு வந்துடுது.''

நல்ல பதில். ஆனாலும் எனக்குத் திருப்தியில்லை. நான் பார்த்த சிலர் குடியை விட்டு பக்திக்கு வந்தார்கள். கூடவே கர்வமும் வந்தது. அண்ணன் தம்பி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். மற்றவர்களெல்லாம் பாவிகள். குடித்துக் கெடுத்த குடும்பத்தை இப்போது ஜெபித்துக் கெடுக்கிறார்கள். ஏழு பேயில் இது ஒன்று.

இன்னொரு பேய், 'ஜெபம் போதும், டாக்டர் வேண்டாம்' என்பது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இந்த மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் டாக்டர்கள். கதர் கட்டிக்கொண்டு ஜெபமும் செய்தார்கள், வைத்தியமும் பார்த்தார்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று எதற்கு என்று அவர்கள் நினைக்கவில்லை.

கிளம்பும்போது டோலக்காரரிடம் கடைசியாகக் கேட்டேன். ''இன்னும் குடிக்கிறவங்களைப் பார்த்தா என்ன தோணும்?''

''மாரியம்மன் திருவிழா அன்னிக்கு எங்கண்ணன் குடிச்சிட்டு ரோட்டுல கிடப்பாரு சார். நான்தான் தூக்கிட்டு வருவேன். நான் கிடந்தப்போ அவருதானே தூக்கினாரு.''

எனக்கு வேண்டிய பதில் இதுதான். புதிதாகப் பிடித்துக்கொண்ட விஷயம் பழைய மனிதர்களைப் பக்கத்தில் கொண்டுவருகிறதா, தூரத் தள்ளுகிறதா? அதைப் பார்த்தால் போதும், வீட்டுக்குள் வந்திருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கும் ஒரு ஆறு மணி இருக்கும். சிகரெட்டோ, சீட்டாட்டமோ, ராத்திரி இரண்டு மணி வரை செல்போனோ. எதை விடுவது என்று எழுதும்போது பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டுவிடுங்கள். பதிலுக்கு என்ன?

மணி அடித்தது. அவர் டோலக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பாட்டு ஆரம்பித்தது. தாளம் மறுபடி தப்பியது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை.