கதண்டு அல்ல, கருவண்டு

போன சித்திரையில் ஒரு காலை, கொல்லைத் தாழ்வாரத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து தூள் கொட்டியது. டம்ளரில் கொஞ்சம், புடவையில் கொஞ்சம், மிச்சம் தரையிலிருந்த பூக்கல்லின் மேல். நிமிர்ந்து பார்த்தால் கைமரத்தில் ஓர் ஓட்டை. ஆசாரி தமர் போட்டதுபோல அத்தனை வட்டம். சுண்டுவிரல் நுழையும். உள்ளே கர்ரென்று ஒரு அரவைச் சத்தம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓடி வந்தார். "ஆச்சி, கதண்டு! நகந்துக்கங்க. பொழுது சாயட்டும், பந்தம் கட்டிக் கொளுத்திடுறேன்."

கதண்டுக்குப் பயப்படத்தான் வேண்டும். கூட்டமாகக் கொட்டினால் உயிரே போய்விடும். ஆனால் கதண்டு காகிதம் போன்ற கூடு கட்டுமே தவிர, கைமரத்தைக் குடைந்து குடியிருக்காது. மரத்தில் இருப்பது யார் என்று மரமே காட்டிக்கொடுத்துவிடும். மண் பூசியிருந்தால் கரையான். குண்டூசித் துளையும் மாவாகத் தூளும் என்றால் உளு. விரல் நுழையும் வட்டமும் அடியில் மரத்தூளும் கிடந்தால் கருவண்டு. அது மரத்தைத் தின்பதில்லை. உள்ளே போனதும் திரும்பி, மர ரேகையோடு ஒரு சுரங்கம் தோண்டுகிறது. மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் சுவர் எழுப்புகிறது. பிறகு அடுத்த அறை. நம் வளவு வீடு மாதிரியேதான். முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அதுவும் கொட்டுவது அபூர்வம்.

நாங்கள் சைவம். கொல்லாமை அதிகாரத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைக் காப்பாற்றக் கரையானுக்கு மருந்தடித்தவளும் நானேதான். ஆகவே யாருக்கும் உபதேசம் செய்ய எனக்கு வாய் கிடையாது. வீடு என்று ஒன்றை வைத்துக்கொண்டவர்களுக்குக் கொல்லாமை முழுசாகக் கைகூடாது என்றே நினைக்கிறேன். அதற்காக எதைக் கொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் பந்தத்தைத் தூக்குவதா? அந்தப் பாவத்துக்கு வீட்டைச் சாக்குச் சொல்ல முடியாது. கதண்டு என்று பெயர் வைத்துவிட்டால் கருவண்டைக் கொளுத்துவது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது!

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கமாலை கட்டுகிறோம். எருக்கம்பூவின் மகரந்தம் பொடியாக உதிராது, கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்துக்கொண்டு போக இந்தத் தடியன் போன்ற வண்டு வேண்டும். சிவன் சூடும் சரக்கொன்றைக்கும் இதே வண்டுதான். பூவைப் பிடித்து உலுக்கி மகரந்தத்தைக் கொட்டவைக்கிறது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் பூத்தொண்டு செய்கிற உயிர் என்று சொன்னால் மிகையில்லை. பிருங்கி முனிவர் வண்டாகி, அம்மையப்பன் உடலைத் துளைத்து அப்பனை மட்டும் வலம்வந்த கதை நமக்குத் தெரியும். மன்னார்குடிப் பக்கம் திருவண்டுதுறை என்று ஓர் ஊரே அவர் பேரைச் சொல்கிறது. அம்பாளின் கோபத்தில் அவருடைய சதை வற்றியது, ஆனாலும் நிற்க மூன்றாவது கால் கிடைத்தது. சாமியைத் துளைத்தவருக்கு ஊன்றுகால், கைமரத்தைத் துளைத்ததற்குத் தீப்பந்தம்!

பெரியவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தினேன். சென்னையிலிருந்து பங்காளி ஒருவர் போனில், "மருந்தை அடிச்சு விடுங்க ஆச்சி" என்றார். அவருக்கு இந்த வீட்டில் பதினொன்றில் ஒரு பங்கு. சரி, பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஆசாரி சொன்ன யோசனை எளிது. ஓட்டையில் பஞ்சைத் தளர்வாக வைக்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் தள்ளிவிடும். நாலைந்து நாள் பஞ்சு அசையாமல் இருந்தால் மரக்கட்டை முளை அடித்து, மக்கு பூசி, கைமரம் முழுக்க வார்னிஷ் கொடுக்கலாம். பூச்சில்லாத பழைய மரம்தான் வண்டுக்குப் பிடிக்குமாம். போவதற்கு அதற்கும் ஓர் இடம் வேண்டுமே என்று, கொல்லைச் சுவரோரம் பட்டுப்போன மாங்கட்டை ஒன்றைச் சாத்தி வைத்தேன். ஆசாரி சிரித்தார்.

மொத்தம் ஐந்து ஓட்டை. நான்கை அடைத்தாயிற்று. ஐந்தாவதில் வைத்த பஞ்சு நேற்றுக் காலை பூக்கல்லின்மேல் கிடந்தது.