நட்டக் கணக்கும் தொழிற்சங்கமும்

தொழிற்சாலை ஒன்று நட்டத்தில் வீழ்கிறது. அதன் பண்டங்களுக்குச் சந்தையிற் கிராக்கி குறைகிறது, கடன் ஏறுகிறது, கதவுகள் மூடப்படப்போகின்றன என்ற செய்தி பரவுகிறது. அவ்வேளையில் எல்லோர் கண்களும் ஒரு திசையையே நோக்குகின்றன. தொழிற்சங்கம் கேட்ட சம்பளமும், அது பெற்ற விடுமுறையும், அது நடத்திய வேலைநிறுத்தமுமே அத்தொழிலைக் கொன்றன என்று பத்திரிகைகள் தீர்ப்பளிக்கின்றன. மறுபுறத்தில், சங்கம் எக்காலத்தும் தவறே செய்யாதது என வாதிப்போரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இருவருக்குமே வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் சிரமம் இல்லை.

நலிவுற்ற தொழிலுக்குத் தொழிற்சங்கம் மருந்தா, நோயா? இவ்வினாவைப் பொருளியல் வினாவாக மட்டும் கொள்வது போதாது. தொழில் பிழைப்பதற்காகத் தொழிலாளி தன் ஊதியத்தில் ஒரு பகுதியைத் துறக்க வேண்டுமா? வேண்டுமெனின், எந்த நியாயத்தின்படி? தான் எடுக்காத தீர்மானத்தின் விளைவுக்கு ஒருவன் பொறுப்பாளியாக முடியுமா? இவை ஒழுக்கவியலைச் சார்ந்த வினாக்கள். இவற்றை வெறுங் கொள்கையளவில் ஆராய்வதிலும் பார்க்க, ஒரு வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே பயனுடைத்து. தொழிற்சங்கத்துக்கு எதிரான சாட்சியமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனியின் வரலாற்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

பல்லாண்டுகளாக உலகின் மிகப் பெரிய மோட்டார் உற்பத்தியாளராக விளங்கிய அக்கொம்பனி, 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1 ஆந் திகதி வங்குரோத்து நிலையை அறிவித்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், அரசாங்க உதவிபற்றிய விவாதம் நடந்தபோது, ஒரு தொகை மீண்டும் மீண்டும் கூறப்பட்டது. மோட்டார்த் தொழிலாளி மணிக்கு 70 டொலர் பெறுகிறான் என்பதே அது. உண்மையில் அனுபவமுள்ள ஒரு தொழிலாளியின் சம்பளம் மணிக்கு ஏறத்தாழ 28 டொலராகவே இருந்தது. மிகுதி எங்கிருந்து வந்தது? அவனுடைய சலுகைகளோடு, முன்னர் உழைத்து இளைப்பாறியோரின் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் சேர்த்து, அப்போது வேலைசெய்து கொண்டிருந்தோரின் உழைப்பு மணிகளால் வகுத்துக் கண்ட தொகை அது. தந்தையின் மருந்துச் செலவு மகனின் சம்பளமாகக் காட்டப்பட்டது.

ஆயினும் அச்செலவு பொய்யன்று. கொம்பனியின் முதுகில் அது பெரும் பாரமாக இருந்தது என்பதை மறுக்கவொண்ணாது. அப்பாரம் அங்கு எவ்வாறு ஏற்றப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடைகாண 1945 ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

1936 டிசம்பரில் பிளின்ற் நகரத் தொழிற்சாலைகளுக்குள் அமர்ந்து, 44 நாட்கள் வெளியேற மறுத்துப் போராடியே ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம் அக்கொம்பனியின் அங்கீகாரத்தைப் பெற்றது. யுத்தம் முடிந்ததும், 1945 நவம்பரில், வோல்ற்றர் றோய்தரின் தலைமையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் கேட்டது 30 வீதச் சம்பள உயர்வு. அதனுடன் இன்னொன்றையும் கேட்டனர்: அவ்வுயர்வைக் கார்களின் விலையை ஏற்றாமலே கொடுக்க வேண்டும், கொடுக்க இயலாதெனின் கணக்கேடுகளைத் திறந்து காட்ட வேண்டும். தொழிலாளி தன் வயிற்றுக்காக மட்டுமின்றி, கார் வாங்கும் பொதுமகனுக்காகவும் பேசிய சந்தர்ப்பம் இது. கொம்பனியோ, விலையும் இலாபமும் நிர்வாகத்தின் தனியுரிமை என்று கூறிக் கணக்கேடுகளைத் திறக்க மறுத்தது. 113 நாட்களின் பின்னர் மணிக்கு பதினெட்டரைச் சத உயர்வுடன் போராட்டம் முடிவுற்றது. பணம் ஓரளவு கிடைத்தது, கணக்கேடு கிடைக்கவில்லை.

1950 இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தாயிற்று. ‘டெட்றோயிற் உடன்படிக்கை’ என அது பெயர்பெற்றது. வாழ்க்கைச் செலவுக்கேற்ற சம்பள உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றைக் கொம்பனி வழங்கிற்று. பதிலுக்கு ஐந்தாண்டுத் தொழில் அமைதியைப் பெற்றது. எதனை உற்பத்தி செய்வது, எங்கே முதலிடுவது, என்ன விலை வைப்பது என்பனவற்றிற் சங்கம் தலையிடவில்லை. மருத்துவமும் முதுமைக்காலப் பாதுகாப்பும் நாட்டு மக்கள் அனைவருக்கும் அரசினாலேயே வழங்கப்பட வேண்டும் என்பதே றோய்தரின் விருப்பமாக இருந்தது. ஆனால் ட்றூமன் முன்வைத்த தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டம் நிறைவேறவில்லை. நாடு சுமக்க மறுத்ததைத் தொழிற்சாலை சுமந்தது.

கொம்பனி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அச்சுமை தெரியவில்லை. ஆனால் 2008 அளவில் அமெரிக்காவில் அதன் ஆலைத் தொழிலாளர் தொகை ஓர் இலட்சத்திலும் குறைந்திருந்தது. அதனை நம்பியிருந்த இளைப்பாறியோரும் அவர்தம் துணைவரும் பல இலட்சம். ஒரு காருக்கு ஏறத்தாழ 1,500 டொலர் மருத்துவச் செலவு விழுகிறது என்று கொம்பனியே கூறிற்று. மருத்துவச் செலவை அரசும் சமூகக் காப்புறுதியும் ஏற்றுக்கொண்ட நாடுகளின் உற்பத்தியாளருக்கு இத்தகைய சுமை இருக்கவில்லை. அந்நாடுகளிலும் தொழிற்சங்கங்கள் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இனி, நிர்வாகம் தன் தனியுரிமையை எவ்வாறு பயன்படுத்திற்று? 1984 இல் கணினிச் சேவைக் கொம்பனி ஒன்றையும், 1985 இல் ஹியூஸ் விமானக் கொம்பனியையும் வாங்குவதற்கு 700 கோடி டொலருக்கு மேற் செலவிட்டது. யப்பானியர் சிறிய, பழுதடையாத கார்களோடு சந்தைக்குள் நுழைந்தபோது, பெரிய வாகனங்களின் கொழுத்த இலாபத்திலேயே அது நம்பிக்கை வைத்திருந்தது. இத்தீர்மானங்கள் எடுக்கப்பட்ட மேசையிற் தொழிலாளிக்கு ஆசனம் இருக்கவில்லை.

இவ்வளவும் கூறியபின், சங்கத்தின் குறைகளை மூடிமறைப்போமாயின் நாமும் பொய்க்கணக்கு எழுதியவர்களாவோம். 1984 ஒப்பந்தத்தின் வழியாக, வேலையிழந்தோர் வேலை செய்யாமலே பெரும்பகுதிச் சம்பளத்தைப் பெறும் ஏற்பாடொன்று உருவாயிற்று. ஆட்குறைப்பைத் தடுக்கும் நன்னோக்குடன் தோன்றிய அது, காலப்போக்கில் ஊரார் நகைப்புக்கு இடமாயிற்று. எரிபொருட் சிக்கனத்தைக் கோரும் சட்டங்களைக் கடுமையாக்க முயன்றபோது, சங்கம் கொம்பனிகளோடு தோளோடு தோள் நின்று எதிர்த்தது. பிற்காலத்தில் சங்கப் பணத்தைக் கையாடிய குற்றச்சாட்டில் அதன் முன்னாள் தலைவர் இருவர் 2020 இல் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். கணக்கேட்டைத் திறந்துகாட்டு என்று ஒரு காலத்தில் முழங்கிய சங்கம், தன் கணக்கேட்டைத் தானே மூடிவைத்தது. தீர்மானிக்கும் பொறுப்பு மறுக்கப்பட்டு, பெறும் உரிமை மட்டும் விடப்பட்ட ஒரு ஸ்தாபனம், நாளடைவிற் பெறுவதையே தன் முழுத் தொழிலாகக் கொள்ளும் அபாயம் உண்டு. இது காரணத்தை விளக்குமேயன்றிக் குற்றத்தைக் கழுவாது.

பொறுப்பும் குரலும் கொடுக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு இதே கொம்பனியின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. கலிபோர்னியாவின் பிறீமொன்ற் நகரில் அதற்கு ஓர் ஆலை இருந்தது. வேலைக்கு வராமை, திடீர் வேலைநிறுத்தம், ஆயிரக்கணக்கிற் குவிந்து கிடந்த முறைப்பாடுகள் என்பவற்றால் அவ்வாலை அபகீர்த்தி பெற்றிருந்தது. 1982 இல் அது மூடப்பட்டது. 1984 இல் டொயோட்டா கொம்பனியோடு கூட்டாக ‘நும்மி’ என்னும் பெயரில் அது மீளத் திறக்கப்பட்டபோது, மீள அமர்த்தப்பட்டவர்களிற் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளரே. அவர்களுடைய சங்கமும் அதே சங்கமே. மாறியது நிர்வாக முறை. குறையொன்றைக் கண்ட எத்தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என விதிக்கப்பட்டது. ஆட்குறைப்புக்கு முன்னர் மேலதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்படும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே எடுக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. சங்கமும் தன் பங்குக்கு, பல பத்தாக இருந்த வேலைப் பிரிவுகளை ஒருசிலவாகச் சுருக்க உடன்பட்டது. ஈராண்டுக்குள் அவ்வாலையின் தரமும் உற்பத்தித் திறனும் யப்பானிலுள்ள டொயோட்டா ஆலையை நெருங்கின. 1988 அளவில் விற்பனை வீழ்ந்தபோது எவரும் நீக்கப்படவில்லை. எஞ்சிய நேரம் பயிற்சியிற் கழிந்தது.

இதனைச் சொர்க்கமாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. வேலையின் வேகம் உடலை முறிக்கிறது என்று அச்சங்கத்துக்குள்ளேயே ஒரு பிரிவினர் குறைகூறினர். 2009 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கூட்டிலிருந்து விலகியபின், டொயோட்டாவும் கைவிட, 2010 ஏப்ரலில் ஆலை மூடப்பட்டது. கயிற்றை இழுக்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. கதவை மூடாதே என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை. எனினும், அதே மனிதரும் அதே சங்கமும் ஒரு முறையின்கீழ் ஆலைக்குத் தீங்காகவும், மற்றொரு முறையின்கீழ் ஆலைக்கு உயிராகவும் விளங்கினர் என்பது மறுக்க முடியாத உண்மை. சங்கம் இருப்பதே தீங்கு என்ற வாதம் இவ்விடத்தில் நிலைகுலைகிறது.

குரல் மேல்மட்டம்வரை சென்ற நாட்டையும் நோக்குவோம். ஜேர்மனியில் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2,000 பேருக்கு மேல் வேலைசெய்யும் பெருங் கொம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் அரைப்பங்கு ஆசனங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரியன. 1993 இல் வொல்க்ஸ்வாகன் கொம்பனி நெருக்கடிக்குள்ளாகி, ஏறத்தாழ 30,000 பேர் மிகையென்று கூறிற்று. உலோகத் தொழிலாளர் சங்கம் அவர்களைத் தெருவில் விடவில்லை. கொம்பனியை வீழ்த்தவும் இல்லை. வேலைவாரம் 28.8 மணியாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை எல்லோரும் இழந்தனர். ஈராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லையென எழுத்தில் உறுதி பெறப்பட்டது. அங்கும் மனிதர் மனிதரே. தொழிலாளர் பிரதிநிதிகள் சிலருக்கு நிர்வாகம் கைக்கூலி கொடுத்து வந்தமை 2005 இல் அம்பலமாயிற்று. ஆசனம் கிடைத்தால் மட்டும் போதாது; ஆசனத்தில் அமர்ந்தவரைக் கீழிருந்து கண்காணிக்கும் உறுப்பினரும் வேண்டும்.

இப்போது நாம் முதலிற் கேட்ட வினாவுக்கு மீளலாம். தொழிலாளி தியாகம் செய்யவேண்டுமா? தொழிற்சாலை மூடப்படுவதால் முதலில் அடுப்பணைவது அவன் வீட்டிலேயே. ஆதலால் அதன் நலத்தில் அவனுக்கு அக்கறை இல்லையென்பது அபத்தம். முதலீட்டாளன் தன் பணத்தை வேறிடத்துக்கு நகர்த்தலாம். இருபது ஆண்டு கற்ற கைத்திறனையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், ஊரையும் தொழிலாளி அவ்வாறு நகர்த்த முடியாது. எனவே, தியாகமே கூடாதென்பது நம் நிலைப்பாடன்று. ஆனால் தியாகம் நியாயமாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவது, கேட்பவன் கணக்கேட்டைத் திறந்து காட்ட வேண்டும். இரண்டாவது, வெட்டு மேலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது, துறந்ததற்கு ஈடாக வேலைக்கு உறுதியும், தீர்மானத்திற் பங்கும், நிலைமை சீரடையும்போது இழந்ததை மீளப்பெறும் உரிமையும் இருத்தல் வேண்டும். நான்காவது நிபந்தனையே மிகவும் எளிதில் மீறப்படுவது: பேச்சுவார்த்தை மேசையில் இல்லாதவன் தலையிற் சுமையைக் கட்டக் கூடாது.

இந்நான்காவது நிபந்தனையை 2007 இல் சங்கமே மீறிற்று. பழைய தொழிலாளரின் சம்பளத்தைக் காப்பதற்காக, இனிமேற் சேர்வோருக்கு ஏறத்தாழ அரைச் சம்பளம், மணிக்கு சுமார் 14 டொலர், கொடுக்க அது உடன்பட்டது. ஒரே வரிசையில், ஒரே திருகாணியை முடுக்கும் இருவரில், இளையவனுக்குப் பாதி. வாக்களிக்க அங்கில்லாத இளைஞனே விலை கொடுத்தான். கொம்பனிக்கு அது உதவியதா என்று கேட்டால், சில ஆண்டுகளுக்கு உதவியதெனலாம். ஆனால் ஒன்றுபட்ட உழைப்புக்கு ஒத்த ஊதியம் என்னும் சங்கத்தின் அடித்தளமே அங்கு வெடித்தது. அவ்வெடிப்பை மூட 2023 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. செப்டெம்பரில் தொடங்கி ஆறு வாரமளவில் நடந்த அப்போராட்டத்தின் பயனாக, நாலரை ஆண்டு ஒப்பந்தக் காலத்தில் 25 வீத உயர்வு கிடைத்ததுடன், சம்பளப் படிநிலைகளிற் பெரும்பாலானவை நீக்கப்பட்டன.

எனவே, தொழிற்சங்கம் கொம்பனிக்கு உதவுமா, தீங்கிழைக்குமா என்று எவரேனும் நம்மைக் கேட்டால், நாம் இரு கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். கொம்பனி என்று நீர் கூறுவது யாரை? பங்குச் சந்தையில் இன்று வாங்கி நாளை விற்பவனையா, அதில் வாழ்நாளைக் கழிப்பவனையா? அடுத்து, எதனைத் தீர்மானிக்க அச்சங்கத்துக்கு இடமளிக்கப்பட்டது? இலாபக் காலத்தில் உன் வேலை உழைப்பது மட்டுமே என்று கூறி, நட்டக் காலத்தில் மட்டும் நீயும் இக்குடும்பத்தவன் என்று அழைப்பது நேர்மையாகாது. 1945 இல் திறக்க மறுக்கப்பட்ட கணக்கேட்டின் கடைசிப் பக்கமே 2009 இல் உலகின் முன் விரிக்கப்பட்டது. அதற்குள் அதனைத் திருத்தும் காலம் கடந்துவிட்டது.