பொன் மூப்பதில்லை

ஸ்ரீமதே சடகோபாய நம:

வைகாசி விசாகம் ஸ்வாமி நம்மாழ்வாரின் திருநக்ஷத்திரம். அதனையொட்டி ஆழ்வார்திருநகரியில் நடைபெறும் உத்ஸவத்தின் ஐந்தாம் திருநாளன்று நவதிருப்பதி எம்பெருமான்கள் கருடாரூடராய் எழுந்தருள, ஆழ்வார் அன்ன வாகனத்தில் எழுந்தருளி மங்களாசாஸனம் செய்தருளுகிறார். தாமிரபரணியின் இருகரைகளிலிருந்தும் வந்து கூடும் அடியார்களின் கண்கள் பெருமாளின் திருமுகத்தையும், அவனைத் தாங்கும் வாகனத்தின் ஒளியையும் ஒருங்கே அநுபவிக்கின்றன. அவ்வொளியைக் காப்பதும் கைங்கரியமே.

பொன் துருப்பிடிப்பதில்லை, களிம்பேறுவதுமில்லை. ஆயினும் முலாம் பூசிய கவசங்களும் வாகனங்களும் நாளடைவில் மங்குகின்றன. குறை பொன்னிடத்தில் இல்லை. அதனைத் தாங்கும் பொருளும், பிற்காலத்தில் செப்பனிடச் சேர்த்த பொருளுமே மூப்படைகின்றன. செம்பின்மீது ஏற்றிய முலாமில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் புகுந்து செம்பைத் தீண்ட, பச்சைக் களிம்பு மேலெழுகிறது. சுண்ணப்பூச்சின்மேல் தங்க ரேக்கு ஒட்டிய மர வாகனமோ, மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்குகிறது. பூச்சு வெடித்து ரேக்கு உதிர்கிறது. காப்பாகப் பூசிய அரக்கும் குங்கிலியமும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறி நொறுங்குகின்றன. கர்ப்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றின்மேல் படிகின்றன.

இந்நிலையில், திருவிழா நெருங்கியதும் கடையில் வாங்கிய தங்கநிறப் பெயிண்டைப் பூசிவிடுவது பலவிடங்களில் வழக்கமாகியுள்ளது. பெரும்பாலும் அதிலிருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூளே. முதலாண்டில் பொன்னினும் மிகுதியாக மின்னும் அது, சில ஆண்டுகளில் பழுப்பாகவும் பச்சையாகவும் மாறும். அதை மறைக்க மறுபூச்சு, அதன்மேல் மற்றொன்று. பின்னொருநாள் அவற்றை நீக்கப் புகுந்தால், முன்னோர் ஸமர்ப்பித்த மெய்ப்பொன்னும் உடன் பெயர்ந்து போகக்கூடும். புளியும் சாம்பலுமிட்டுத் தேய்ப்பதும் இத்தகையதே. மின்னுவது செம்பு, தேய்ந்து போவது பொன்.

13ஆம் நூற்றாண்டில் முதலாம் சடாவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கத்தில் பொன் வேய்ந்து, ‘கோயில் பொன் வேய்ந்த பெருமாள்’ என்னும் பட்டம் பெற்றான். அவ்வாறு வேய்ந்த பொன்னை நாள்தோறும் தூசு நீக்கிக் காத்த கைகளுக்குப் பட்டமில்லை. எம்பெருமான் திருவுள்ளத்திலோ அவையும் இடம்பெற்றவையே.

கைங்கரியம் சேஷியான எம்பெருமானின் உகப்புக்காகவே; செய்பவனின் கண் குளிர்வதற்காக அன்று. ஆகவே மின்னவேண்டும் என்னும் ஆசை முற்பட்டால் அது ஸ்வப்ரயோஜனமாகிவிடும். உலர்ந்த மென்துணியால் தூசு அகற்றுதல், ஈரத்துணி படாது காத்தல், வாகனத்தின்மேல் குங்குமம் அப்பாதிருத்தல், பழுது கண்டவிடத்துக் கைதேர்ந்த ஸ்தபதியைக் கொண்டு வேண்டிய அளவே சீர்செய்தல், பின்வருவோர் நீக்கத்தக்க பொருளையே சேர்த்தல், சேர்த்ததை எழுதி வைத்தல் ஆகியவை அடக்கமான கைங்கரியங்கள்.

ஆத்மாவும் அப்பொன் போன்றதே. அது மூப்பதில்லை. அதனைத் தாங்கும் தேகம் மூக்கிறது. அதன்மேல் ஜீவன் தானே பூசிக்கொண்ட அஹங்காரமும் மமகாரமும் முதலில் மின்னிப் பின்னர் கறுக்கின்றன. மறுபூச்சால் அக்கறை நீங்காது. உள்ளிருக்கும் பொன்னுக்கு ஊறு நேராமல் அதனை மெல்ல அகற்ற வல்லவர் ஆசார்யரே. குருகூர் வரும் அடியார்கள் வேண்டிப் பெறவேண்டிய அருளும் அதுவே.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.