இருக்காரா?

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தினேன். ஜூன் மாதம் பிறந்தால் ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் முதலில் ஏறுவது ஒரே வினைச்சொல்லின் குடும்பம்தான்: இஸ், வாஸ், பி, பீன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "வாக் வாக்டுன்னு ஆகுது, சரி. இஸ் எப்படி சார் வாஸ் ஆச்சு? முகஜாடையே இல்லையே" என்றான். மனப்பாடம் பண்ணச் சொல்லி உட்காரவைத்தேன்.

ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது. அது ஒரு குடும்பமே இல்லை. மூன்று பழைய வினைகள் ஒரே கூரைக்குக் கீழ் வந்துசேர்ந்திருக்கின்றன. மூன்றுக்கும் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்புகள் உண்டு. அவர்கள் வழி வந்த சொற்கள் நம் வீட்டிலும் புழங்குகின்றன.

'இஸ்' என்பதன் உறவு 'அஸ்தி'. ஆற்றில் கரைக்கும் அஸ்தி வேறு. இது 'உண்டு' என்று பொருள்படுவது. உண்டு என்பவன் ஆத்திகன், இல்லை என்பவன் நாத்திகன். 'பி' என்பதன் வேர் முளைப்பதை, ஆவதைச் சொல்வது. பிறவியைக் குறிக்கும் பவம், நாம் மிதிக்கும் பூமி, பையன்கள் பயப்படும் பிசிக்ஸ் எல்லாம் அதன் கிளைகள். 'வாஸ்' தங்குவதிலிருந்து வந்தது. நம் வாசமும் வசிப்பதும் அதன் பங்காளிகள்.

பத்தொன்பது வயதில், பகுத்தறிவுப் புத்தகங்கள் படித்த சூட்டில், விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: "கடவுள் இருக்காராம்மா?"

"உள்ளதான் இருக்காரு. காலைக் கழுவிட்டு வந்து பாரு."

நழுவுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். நான் கேட்டது 'உண்டா' என்று. அவர் சொன்னது எங்கே குடியிருக்கிறார் என்று. எங்கோ உண்டு என்பதோடு நின்றுவிடும் கடவுளை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? நித்தம் எண்ணெய் ஊற்ற, கோபித்துக்கொள்ள, வீட்டோடு ஒருவர் வேண்டியிருந்தது. தமிழ் 'இரு'வும் அவர் பக்கம்தான். "நான் வாத்தியார்" என்று சொல்ல நமக்கு வினையே வேண்டாம். 'இரு' என்றாலோ உட்காரு, தங்கு, கிளம்பாதே.

பைபிளில் மோசே பெயர் கேட்டபோது, கடவுள் இந்த வினையைத்தான் பெயராகச் சொல்கிறார். எபிரேய மூலத்தில் அது இருப்பதையும் ஆவதையும் சேர்த்தே குறிக்கும். இனி இருப்பேன் என்றும் கொள்ளலாம். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் அது 'ஆம்' என்ற நிகழ்காலத்தில் நின்றுவிட்டது. தமிழில் 'இரு' என்றே மொழிபெயர்த்தார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்ததுபோல்தான் தோன்றும். வள்ளுவரும் 340ஆம் குறளில், உடம்பில் ஒண்டுக்குடித்தனம் செய்யும் உயிருக்கு இதே வினையைத்தான் கொடுக்கிறார்.

அம்மா போன நாலாம் மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அம்மா கையால் சாப்பிட்டவன், விஷயம் தெரியாது.

"அம்மா இருக்காங்களா சார்?"

"இல்லப்பா."

"பரவாயில்ல சார், வந்ததும் நான் கேட்டேன்னு சொல்லுங்க."

திருத்த வாயெடுத்தேன். எந்த வினையில் திருத்துவது என்று தெரியவில்லை. "சொல்றேன்" என்றேன்.