மனம் நிறையவில்லையே, சுவாமி!



தியானம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். "சுவாமி, நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தேன், நன்மை வாங்கினேன். அன்றைக்கு மனசு பஞ்சுபோல் இருந்தது. இப்போது பழையபடி ஆகிவிட்டது. எனக்கு விசுவாசமே இல்லையோ?" என்று குருவானவரிடம் வந்து கேட்கிறவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. கெட்டவன் தன் உள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து, தூக்கம் கண்ணைச் சுற்ற, காலைப் பூசைக்கு வந்து முழங்காலிடுகிறவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. வீட்டில் கடன் கணக்கும் மாமியார் மனஸ்தாபமும் ஒன்றாய்ச் சேர்ந்து அழுத்துகிற தாய்மாருக்கும் வருகிறது. ஆகையால் "ஜெபம் பண்ணு, சரியாகும்" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடாமல், இதைச் சற்று நின்று யோசிப்போம்.

மனம் நிறைவது என்று நாம் எதைச் சொல்லுகிறோம்? இலையில் பரிமாறிய சோறு வயிற்றை நிரப்பும். நாலு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். பக்தியையும் அப்படி மனதுக்குப் போடும் சோறாகவே எண்ணிக்கொள்கிறோம். பாட்டு நன்றாயிருந்தால், பிரசங்கியார் கண்ணீர் வரும்படி பேசினால், நிறைந்தது என்கிறோம். மறுநாள் மேஸ்திரி ஏசினால் காலியாகிவிட்டது என்கிறோம். நிறைந்ததும் காலியானதும் நமது உணர்ச்சியே தவிர ஆத்துமம் அல்ல. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். தேவ இஷ்டப்பிரசாதம் தன்னிடத்தில் இருக்கிறதென்று மனிதன் நிச்சயமாய் அறிய முடியாது, அடையாளங்களைக் கொண்டு மட்டுமே ஊகிக்கலாம் என்பது அவருடைய முடிவு. இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். எனக்கு இது பெரிய ஆறுதலாகவே தோன்றுகிறது. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்கு வேறு வியாதி வேண்டுமோ?

கல்கத்தா மதர் தெரேசாவை அறியாதவர் நம்மில் இல்லை. 1997-ல் அவர்கள் இறந்து, பத்து வருஷம் கழித்து அவர்களுடைய கடிதங்கள் அச்சாகி வெளிவந்தபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர்கள் உள்ளத்தில் இருட்டும் வறட்சியுமே இருந்ததாம். அந்த ஐம்பது வருஷமும் காலையில் எழுந்து பூசை கண்டார்கள். சாகக் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்தார்கள். திருச்சபை 2016-ல் அவர்களை அர்ச்சிஷ்டவர்கள் வரிசையில் சேர்த்தபோது அந்த வறட்சியை ஒரு குறையாக எண்ணவில்லை.

அப்படியானால் கிறிஸ்தவ விசுவாசம் மனிதனுக்குள் எதைத்தான் புதிதாக்குகிறது? நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருடைய சரித்திரத்தை வைத்தே பார்ப்போம்.

பழவேற்காடு மகிமை மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பிள்ளைகள் உள்ளே வர மாட்டோம் என்று அழும். நமது கடற்கரையில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அதே டச்சுக் கம்பெனி, 1741-ல் குளச்சல் சண்டையில் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் தோற்றது. அதில் சிறைப்பட்ட டிலனாய் என்ற கத்தோலிக்கர், பிற்பாடு மகாராஜாவின் சேனைக்கே பயிற்சி கொடுக்கிற தலைவரானார். பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நட்டாலம் நீலகண்டபிள்ளை அவருக்குச் சிநேகிதர். ஒரு காலத்தில் நீலகண்டபிள்ளைக்கு மாடுகள் செத்து, பயிர் நஷ்டப்பட்டு, மனம் ஒடிந்திருந்ததாகவும், டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னதாகவும் வழிவழியாய்ச் சொல்லப்படுகிறது. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அப்போது வயது 33.

இங்கேதான் கவனிக்க வேண்டும். யோபு இழந்ததைக் கடைசியில் இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றார். தேவசகாயம் எதைத் திரும்பப் பெற்றார்? மாடும் பயிரும் போயிருந்தவருக்கு இப்போது உத்தியோகமும் போயிற்று, ஊரும் போயிற்று. 1749-ல் சிறைப்பட்டார், அடித்தார்கள், எருமையின்மேல் பின்புறமாய் உட்காரவைத்து ஊர் ஊராய் ஓட்டிப்போனார்கள், காயத்தில் மிளகாய் தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். வேதத்தில் சேர்ந்தால் கஷ்டம் தீரும், வியாபாரம் பெருகும் என்று மேடைபோட்டுக் கூவுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை எப்படிச் சொல்வார்களோ, நான் அறியேன்.

ஆனாலும் அவர் புதிய மனிதர் என்பதை அவருடைய எதிரிகளே முதலில் கண்டுகொண்டார்கள். எதைக்கொண்டு? அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதைக் கொண்டு! அரண்மனைச் சேவகத்தில் இருந்த உயர்ந்த சாதிக்காரர், தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களோடு சரிசமமாய்ப் பழகினார், கூட உட்கார்ந்து உண்டார். ஜெபத்தைக் கதவடைத்து உள்ளே செய்யலாம், யாருக்கும் தெரியாது. சாப்பாட்டுப் பந்தியை மறைக்க முடியுமா? 2022 மே 15-ல் அன்றைய பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சிஷ்டவர் என்று பிரகடனம் செய்தபோது, "பிள்ளை" என்ற சாதிப்பெயரை விட்டுத் தேவசகாயம் என்றே அழைத்தார்கள். இந்தியாவின் பொதுநிலையினரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. குருவும் அல்ல, சந்நியாசியும் அல்ல. பெண்சாதியும் உத்தியோகமும் உள்ள குடும்பஸ்தர், உங்களைப் போல.

துக்கமான விஷயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1870-களில், சாதிக்கு ஒரு பக்கமாய் உட்கார இரண்டு சிறகு வைத்துக் கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, பூசை ஒன்று, நன்மை ஒன்று, நடுவிலே தடுப்பு! 1910-ல் அந்தத் தடுப்பை எடுத்தபோது, அது வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் கிறிஸ்தவர்களே. வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டு வரை போய், அவர்கள் தோற்றார்கள். அவர்களில் எத்தனை பேர் தவறாமல் பூசை கண்டு, தவசுகால ஒருசந்தி பிடித்து, பாடுகளின் பிரசங்கத்தில் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உணர்ச்சிக்குக் குறைவிருந்திராது.

உருக்கு ஆலையில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. துருவின்மேல் பெயிண்டு அடித்தால் அன்றைக்குப் பளபளக்கும்; ஒரு மழைக்காலம் போதும். பழைய கம்பி, உடைந்த சைக்கிள், நசுங்கிய தகரம் எல்லாம் உலைக்குள் போய் 1,500 டிகிரிக்கு மேல் உருகினால்தான் புதுக் கம்பியாகும். அப்போதும் கசடு மேலே மிதந்துவரும், வழித்தெடுக்க வேண்டும், மறுபடியும் வரும், மறுபடியும் வழிக்க வேண்டும். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் எதற்கு என்று கேட்கிற வாலிபர்கள் உலைக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இந்த உவமானத்தில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சர்வேசுரனோ நம்மிடம் கேட்கிறார்; நாம் சரி என்று சொல்லுகிறவரை காத்திருக்கிறார். இரவிலே ஒளிந்து சேசுநாதரிடம் வந்த நிக்கொதேமு அன்றைக்கே மாறிப்போனதாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. பிறகு சங்கத்தில் அவருக்காக ஒரு வார்த்தை பேசினார். கடைசியில், சீஷர்களே ஓடிப்போன நேரத்தில், பகிரங்கமாய் வாசனைத் திரவியம் சுமந்து அடக்கத்துக்கு வந்தார். மெதுவாகத்தான் புதிதானார்.

ஆதலால் "மனம் நிறைந்ததா?" என்று தடவிப் பார்ப்பதை விட்டு, வேறு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது என் பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா? வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது என்ன? காண்ட்ராக்ட்டு ஆள் என்றால் என் குரல் மாறுகிறதா?

நம் கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்திருக்கிற கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலர் ஞாயிறு பூசைக்கு வருகிறார்கள். தமிழ் தெரியாது; ஆனாலும் எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்பதில் பிசகுவதில்லை. பூசை முழுவதும் வாசலோரமாகவே நிற்கிறார்கள். நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை; உட்காரச் சொன்னவரும் இல்லை. வருகிற ஞாயிறு பெஞ்சில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விடுங்கள். பூசைக்குப்பின் ஒருவரையோ இருவரையோ வீட்டுக்குக் காலைப் பலகாரத்துக்கு அழைத்துப்போகக் கூடிய குடும்பங்கள் சனிக்கிழமைக்குள் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும். சிலருக்கு அன்று பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு இருக்கிறது, நேரத்தோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பங்குக் குரு