மலை விட்டுக்கொடுத்த மண்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், தலைவாழை இலையும் கிடைக்கும். அந்தச் சந்தை நிற்கும் நிலத்தில் கருங்கல் மட்டும் கிடைக்காது. தோண்டத் தோண்டக் களிமண், மணல், மறுபடி களிமண். 1835 முதல் 1840 வரை அதே நகரத்து வில்லியம் கோட்டையில் 481 அடி ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தார்கள். மக்கிய மரமும் பழைய எலும்புத் துண்டுகளும் வந்தன; அடிப்பாறை எட்டவில்லை. சந்தைக்குப் பக்கத்து ஏரியான ரவீந்திர சரோவரை 1920களில் வெட்டியபோது வந்ததும் இந்த மண்தான். அதைக் கொட்டித்தான் சுற்றியிருந்த தாழ்வான நிலத்தை மேடாக்கினார்கள்.

இத்தனை மண்ணையும் கொடுத்ததில் பெரும்பங்கு இமயத்துடையது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியது. இடையில் கிடந்த கடலின் படிவுகள் மடிந்து மேலெழுந்தன. எழும்போதே அந்த மலை தேயவும் தொடங்கிவிட்டது. இடுக்கில் புகுந்த நீர் பனியாக உறைந்து பாறையைப் பிளக்கிறது. மழை அதைச் சரிக்கிறது. ஆறு உருட்டி அரைக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன.

கல்லில்லாத அந்த நகரத்தில் நம் ஊர்ப் பாறை ஒன்று உண்டு. புனித ஜான் தேவாலயத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கற்பலகை அது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்தார். சென்னையின் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லோடு அது ஒத்துப்போனது. 1893இல் அந்தக் கல்லினத்துக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். பரங்கிமலைக் கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. அது இன்று பரங்கிமலையில் வெயில் காய்கிறது என்றால், அதன்மேல் கிடந்த அத்தனை பாறையும் தேய்ந்து எங்கோ போய்விட்டது என்று பொருள்.

தெற்கே நாம் உறுதி என்று தொட்டுப் பார்க்கும் குன்று, மேலிருந்தவை விலகியதால் வெளிப்பட்டது. வடக்கே நாம் காலூன்றும் சமவெளி, மலை தன்னைக் கரைத்ததால் உண்டானது. நிற்க இடம் கிடைத்த ஒவ்வொருவருக்கும் முன்னால், ஏதோ ஒன்று தன் உருவத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பெரியவர்கள் இந்தக் கடனை அறிந்தவர்கள் போலத்தான் நடந்துகொண்டார்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண்ணை உருட்டி நாம் கடவுளாக்குகிறோம். பூசை முடிந்ததும் நீரில் விடுகிறோம். இமயம் ஆண்டு முழுவதும் செய்வதை நாம் ஒரு நாள் செய்து பழகுகிறோம்.

வயது ஏற ஏற வலிமை குறைகிறது; சேர்த்தது பிள்ளைகளிடம் போகிறது; பிறந்த ஊரே கைவிட்டுப் போகிறது. மலையுச்சியில் நின்று பார்த்தால் எல்லாம் செலவு. கழிமுகத்தில் நின்று பார்த்தால் எல்லாம் வரவு. நம்மிடமிருந்து போவது எந்தக் கரையில் ஒதுங்கி யாருக்கு நிலமாகும் என்று பார்த்துவிட ஓர் ஆயுள் போதாது. பார்க்காமலே கொடுக்க மனம் ஒப்புவதுதான் சரணாகதி.