பிறர் நிலையில் நின்று பாடுதல்

பிறர் துயரைத் தம் துயர்போலக் கருதுதலே அறத்தின் தொடக்கம் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின், அவ்வாறு கருதும் ஆற்றல் மனிதரிடத்து எங்ஙனம் தோன்றுகின்றது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அது நல்லுள்ளம் படைத்தோரின் பிறவிக்குணம் என்று கூறி அமைந்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. அவ்விடை எமக்கு நிறைவளிப்பதன்று. பிறர் நிலையில் நிற்பதற்கு ஓய்வு வேண்டும், கருவி வேண்டும், தன் உழைப்பைத் தானே ஆளும் உரிமை வேண்டும். இவை யாருடைய கையில் உள்ளன என்பது தனிமனித உள்ளத்தைப் பற்றிய வினாவன்று. சமுதாய அமைப்பைப் பற்றிய வினாவாகும். இங்கிலாந்தின் பாடகியும் பாடலாசிரியையுமான கேற் புஷ் அம்மையாரின் ஒலிப்பதிவுகளை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெகுசன இசை சந்தைக்கென ஆக்கப்படும் சரக்கு. அதில் அறவியல் வினாக்களுக்கு இடமேது என்று கேட்போர் எம்மிடையே உளர். சரக்கு என்பது உண்மையே. ஆயினும் சரக்கினுள்ளே மனித உழைப்பும் மனித வேட்கையும் உறைந்து கிடக்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1958ஆம் ஆண்டு பிறந்த கேற் புஷ், 1978இல் தமது பத்தொன்பதாவது வயதில் ‘வதறிங் ஹைற்ஸ்’ என்னும் பாடலை வெளியிட்டார். எமிலி புரொன்ரேயின் 1847ஆம் ஆண்டு நாவலின் தலைவி, இறந்தபின் ஆவியாய் வந்து, காதலனின் சன்னலருகே நின்று பேசுவதாக அப்பாடல் அமைந்தது. இசைத்தட்டுக் கொம்பனியார் வேறொரு பாடலையே முதலில் வெளியிட விரும்பினர். இளம் பெண்ணாகிய அவரோ தம் முடிவில் உறுதியாக நின்றார். பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நான்கு வாரங்கள் முதலிடம் வகித்தது. தாமே இயற்றிய பாடலைத் தாமே பாடி அவ்விடத்தை அடைந்த முதற் பெண் அவரே. அதற்கு முன்னரும் பல பெண் குரல்கள் அவ்விடத்தைப் பெற்றிருந்தன. ஆயின் குரல் பெண்ணுடையதாயிருக்க, சொல் பெரும்பாலும் பிறருடையதாகவே இருந்தது. பெண் எதனை உணர்கின்றாள் என்பதை எழுதிக் கொடுக்கும் உரிமையைப் பெரும்பாலும் ஆடவரே வைத்திருந்தனர்.

எமது அகப்பாடலிலே புலவன் தன் பெயராற் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என மற்றொருவர் வாயாகவே பேசுகின்றான். கேற் புஷ்ஷின் சிறந்த பாடல்கள் பலவும் இத்தகைய கூற்றுகளே. 1980இல் வெளிவந்த ‘ஆமி டிறீமேர்ஸ்’, இராணுவப் பயிற்சியின்போது மாண்ட இளைஞன் ஒருவனுடைய தாயின் கூற்று. வறுமையும் கல்வியின்மையும் தன் மகனுக்குப் பிற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டன என்பதை அத்தாய் எண்ணி வருந்துகின்றாள். தாலாட்டுப்போல அசைந்து செல்லும் அம்மெட்டின் ஊடே, துப்பாக்கியைச் சுடுவதற்கு ஆயத்தம் செய்யும் உலோக ஒலி தாளமாக வந்து விழுகின்றது. 1991இல் வளைகுடாப் போர் மூண்டபோது, ஒலிபரப்புக்குப் பொருந்தாதனவெனப் பி.பி.சி. கருதிய பாடல்களுள் இதுவும் ஒன்றாயிற்று. ஒரு தாயின் புலம்பல் போர்க்காலத்தில் அபாயகரமானதாகிவிடுகின்றது! அதே 1980இல் வந்த ‘பிறீதிங்’, இன்னும் பிறவாத சிசுவின் கூற்று. அணுகுண்டு வெடித்தபின் நஞ்சேறிய காற்றைத் தாயின் மூச்சுவழி பெறும் சிசு அது. வாக்குரிமையும் நாவும் பெற்றிராத அவ்வுயிரின் சார்பிலே ஒரு குரல் பேசுகின்றது.

1982இல் வெளிவந்த ‘த டிறீமிங்’ என்னும் தொகுதியிலே அவர் இன்னும் தொலைவு செல்கின்றார். அதிலுள்ள ஒரு பாடல், காட்டினூடே அமெரிக்கப் படைவீரனைப் பின்தொடரும் வியட்நாமியப் போராளியின் கூற்று. மேலைநாட்டு வெகுசன இசை வியட்நாம் போரைப் பெரும்பாலும் அமெரிக்கனின் துயராகவே பாடிவந்திருக்க, இப்பாடல் துப்பாக்கியின் மறுபுறத்தே நின்று பார்க்கின்றது. தொகுதிக்குப் பெயர் தந்த பாடலோ, யுரேனிய அகழ்வினால் தம் நிலத்தை இழக்கும் அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களைப் பற்றியது.

இவ்வளவு தொலைவு செல்ல அவரால் எவ்வாறு இயன்றது? இங்கேதான் நாம் உள்ளத்தை விட்டுப் பொருளியல் அடித்தளத்துக்கு வருதல் வேண்டும். ஒலிப்பதிவுக்கூடம் வாடகைக்கு விடப்படும் இடம். கடிகாரம் ஓட ஓடச் செலவு ஏறும்; செலவு ஏற ஏறக் கொம்பனியின் கை கலைஞரின் தோளில் இறுகும். ‘த டிறீமிங்’ அவர் தனித்துத் தயாரித்த முதற் தொகுதி. அதன் விற்பனை முன்னையவற்றினும் குறைந்தது. அவர் அதற்காகப் பழைய வழிக்குத் திரும்பினாரல்லர். 1983இல் தமது குடும்பப் பண்ணையிலிருந்த களஞ்சியத்திலே சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை அமைத்தார். உற்பத்திச் சாதனம் உழைப்பவரின் கைக்கு வந்தது. அங்கே உருவாகி 1985இல் வெளிவந்த ‘ஹவுண்ட்ஸ் ஒவ் லவ்’ பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.

அத்தொகுதியின் முதற்பாடலான ‘றன்னிங் அப் தற் ஹில்’ எமது வினாவையே பொருளாகக் கொண்டது. ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் முற்றாக அறிந்துகொள்ளுதல் அரிது. இறைவனோடு ஓர் உடன்படிக்கை செய்து இருவரும் இடம் மாறிக்கொள்ள முடிந்தாற் புரிதல் பிறக்கும் என்பதே அதன் கருத்து. ‘இறைவனோடு ஓர் உடன்படிக்கை’ என்னும் பொருளுடைய பெயரையே அவர் முதலில் இட்டிருந்தார். சமயப்பற்று மிகுந்த நாடுகளின் வானொலிகள் அதனை ஒலிபரப்ப மறுக்கும் எனக் கொம்பனியார் அஞ்சினர். அவர் இணங்க நேர்ந்தது. அப்பெயர் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கியது. கருவி கைக்கு வந்தபின்னும் சந்தை பிறர் கையிலேயே இருந்தது என்பதற்கு இது சான்று. 1985இல் மூன்றாம் இடத்தை எட்டிய அதே பாடல், தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலே இடம்பெற்றதன் பயனாக, 37 ஆண்டுகள் கழித்து 2022இல் முதலிடத்தை அடைந்தது. அதனைக் கேட்டவருட் பலர், அது பதிவானபோது பிறந்திராதவர்கள்.

இங்கு இரு மறுப்புகள் எழும். முதலாவது, இது வசதி படைத்தோர் கதை என்பது. மறுப்பதற்கில்லை. அவர் தந்தையார் மருத்துவர். களஞ்சியம் அமைந்த பண்ணை குடும்பச் சொத்து. பிங்க் ஃபுளொயிட் குழுவின் டேவிட் கில்மோர் அவரை இளமையிலேயே இனங்கண்டு உதவினார். களஞ்சியமில்லாத எத்தனை பெண்களின் பாடல்கள் பதிவாகாமலே மறைந்தன என்பதை எவர் கணக்கிடுவார்? ஆயினும் இம்மறுப்பு எமது கருத்தை வலியுறுத்துகின்றதேயன்றித் தகர்க்கவில்லை. ஒருவருக்குத் தற்செயலாய்க் கிடைத்தது எல்லோருக்கும் உரிமையாதல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிபு.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. பேரரசொன்றின் தலைநாட்டிலே பிறந்தவர், வியட்நாமியனுக்காகவும் பழங்குடியினருக்காகவும் பேசுவது, அவர்தம் நிலத்தைப் பறித்ததுபோலவே குரலையும் பறிப்பதாகாதா? இவ்வினாவைக் கேட்டேயாதல் வேண்டும். பிறர் நிலையில் நிற்பது ஒன்று. பிறரின் இடத்தைப் பிடித்துக்கொள்வது வேறொன்று. கூற்று பாடுபவர், தாம் இரவல் வாங்கிய குரலுக்கு உரியவர் வந்து பேசும்போது எழுந்து வழிவிடக் கடமைப்பட்டவர். பெண்ணின் உணர்வை ஆடவர் எழுதிக்கொடுத்த நிலையை மாற்றியவர் கேற் புஷ். அந்நியாயம் அவருக்கு மட்டும் உரியதன்று. தன் கதையைத் தன் சொல்லாற் பாட அப்பழங்குடிப் பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. அதே கருவியும் வேண்டும்.

இரவலுக்கும் களவுக்கும் உள்ள இவ்வேறுபாடு இன்று புதுப்பொருள் பெற்றுள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கொம்பனிகள் கலைஞரின் அனுமதியின்றியே அவர்தம் ஆக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் சட்டமாற்றத்தைப் பிரித்தானிய அரசு முன்மொழிந்தபோது, 2025 பெப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர் ஒன்றுசேர்ந்து ஓர் இசைத்தொகுதியை வெளியிட்டனர். அதிலே பாடலில்லை, ஆளற்ற ஒலிப்பதிவுக்கூடங்களின் மௌனமே பதிவாகியிருந்தது. கேற் புஷ்ஷும் அவர்களுள் ஒருவர். தனியொருத்தியாகக் களஞ்சியத்திலே கருவியைத் தேடிக்கொண்டவர், ஈற்றில் ஆயிரவரோடு சேர்ந்து நின்றார் என்பது கருதத்தக்கது. தனித்த உடைமை தந்த பாதுகாப்பு எத்துணைச் சிறியது என்பதைக் காலம் உணர்த்திவிட்டது.

இரக்கம் உள்ளத்திற் பிறக்கலாம். ஆனால் அது வளர்வதற்கு நிலமும் நீரும் வேண்டும். மாணவர்க்குப் பிறர்துயர் உணருமாறு போதிக்கும் ஆசிரியராகிய நாம், அவ்வுணர்வுக்கு வேண்டிய ஓய்வும் கருவியும் எந்த மாணவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே கேட்போமாக. அதைக் கேளாத போதனை, பிறர் நிலையில் நில்லாத போதனையாகும்.